கொலையாளி யார் என்று கேட்காதீர்கள்! குழம்பிக்கொண்டே ரசிக்க ஒரு துப்பறியும் படம்

ஹாலிவுட்டில் ஒரு பழைய கதை உண்டு. ரேமண்ட் சாண்ட்லர் எழுதிய 'தி பிக் ஸ்லீப்' நாவலை இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். கதையில் ஒரு பணக்கார வீட்டு டிரைவர் காரோடு கடலில் கிடக்கிறான். அவனை யாராவது கொன்றார்களா, இல்லை அவனே போய் விழுந்தானா? படக்குழுவில் யாருக்கும் தெரியவில்லை. 'சரி, எழுதியவரையே கேட்டுவிடலாம்' என்று சாண்ட்லருக்குத் தந்தி அடித்தார்கள். அவருக்கும் தெரியவில்லை! பிற்பாடு ஒரு கடிதத்தில் சாண்ட்லரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதற்கு அடுத்து நடந்ததுதான் இன்னும் சுவாரஸ்யம். 1945-லேயே படம் தயாராகிவிட்டது. அந்த முதல் பிரதியில், துப்பறிவாளர் மார்லோவும் அரசு வழக்கறிஞரும் உட்கார்ந்து 'இதுவரை நடந்தது இதுதான்' என்று விளக்கிப் பேசும் காட்சி ஒன்று இருந்தது. தியேட்டருக்கு வருவதற்கு முன்பு அந்த விளக்கத்தை வெட்டிவிட்டார்கள். பதிலுக்கு, ஹம்ஃப்ரி போகார்ட்டும் லாரன் பக்காலும் வாய்க்கு வாய் பேசி மோதிக்கொள்ளும் காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். 1946-ல் வெளியானது அந்தப் பிரதிதான். கதை முன்பைவிடக் குழம்பியது. படமோ முன்பைவிட நன்றாக ஆனது. இன்றைக்கும் உலகம் கொண்டாடுவது அந்தக் குழப்பமான பிரதியைத்தான்.

கதை புரியவில்லை என்றால் படம் தோற்றுவிட்டது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் புரியாமல் போவதையே ஒரு சுகமாக மாற்றிய படங்களும் உண்டு. அந்த வரிசையில் சிரிக்கவும் வைத்து, கடைசியில் மனதைக் கொஞ்சம் கனக்கவும் வைக்கிற ஒரு படம், 2014-ல் வந்த 'இன்ஹெரன்ட் வைஸ்'. இயக்கியவர் பால் தாமஸ் ஆண்டர்சன். 2025-ல் லியோனார்டோ டிகாப்ரியோ நடித்து வந்த 'ஒன் பேட்டில் ஆஃப்டர் அனதர்' படத்தை எடுத்தவரும் இவர்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, 'இவர் வேறு என்ன எடுத்திருக்கிறார்?' என்று தேடுகிறவர்கள் சீக்கிரமே வந்து முட்டிக்கொள்ளும் படம் இது. பாதியில் நிறுத்திவிட்டு, 'தலையும் புரியலை, வாலும் புரியலை' என்று சலித்துக்கொள்ளும் படமும் இதுவேதான்!

ஒரு முன்னெச்சரிக்கை: இது பெரியவர்களுக்கான படம். போதைப்பொருள், நிர்வாணம், கெட்ட வார்த்தை எல்லாம் தாராளமாக உண்டு. குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்க முடியாது. இன்னொன்று, இந்தக் கட்டுரையில் கதையின் முடிவும் வருகிறது. ஆனால் முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற படமில்லை இது. சொல்லப்போனால், கொஞ்சம் தெரிந்துகொண்டு போவதே நல்லது.

முடிச்சுக்குள் முடிச்சு

ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கடைசியில் முடிச்சு அவிழும். குற்றவாளி பிடிபடுவான், ஊர் பழையபடி நிம்மதியாகிவிடும். சாண்ட்லரின் உலகம் அப்படியல்ல. அங்கே ஒரு முடிச்சை அவிழ்த்தால் உள்ளே இன்னும் இரண்டு முடிச்சு இருக்கும். ஏனென்றால் அங்கே குற்றம் செய்தவன் ஒருவன் இல்லை. பணக்காரர், போலீஸ், அரசியல்வாதி என்று ஊரே ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து செய்திருக்கும். இப்படி 1940-களில் வந்த இருண்ட படங்களைத்தான் 'ஃபிலிம் நுவார்' என்கிறார்கள். பிறகு வந்தவர்கள் அதே பாணியைப் புதுப்பித்து எடுத்தவை 'நியோ-நுவார்'.

இந்தப் பாணியில் சிரிப்பைக் கலந்தவர்களும் உண்டு. 1973-ல் ராபர்ட் ஆல்ட்மேன் எடுத்த 'தி லாங் குட்பை' படத்தில், அதே சாண்ட்லரின் மார்லோ நடு ராத்திரியில் தன் பூனைக்குப் பிடித்த சாப்பாட்டைத் தேடிக் கடைக்குப் போகிறார். கிடைக்கவில்லை. பூனையை ஏமாற்றப் பார்க்கிறார். பூனை ஏமாறவில்லை. பூனையையே ஏமாற்ற முடியாதவரா கொலைகாரனைப் பிடிக்கப்போகிறார்? 1998-ல் கோயன் சகோதரர்கள் 'தி பிக் லெபோவ்ஸ்கி' எடுத்தார்கள். வேலைவெட்டி இல்லாத ஒரு சோம்பேறி, தன் பெயரே கொண்ட ஒரு பணக்காரரின் தகராறில் மாட்டிக்கொள்கிறான். அவனுக்கு வேண்டியதெல்லாம், வீடு புகுந்த அடியாள் நாசமாக்கிய தன் கம்பளத்துக்கு நஷ்ட ஈடு!

ஆல்ட்மேனுக்கும் ஆண்டர்சனுக்கும் நேரடி உறவே உண்டு. ஆல்ட்மேன் தன் கடைசிப் படத்தை எடுத்தபோது அவருக்கு வயது 80. பாதியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று, இன்ஷூரன்ஸ் ஏற்பாட்டுக்காக ஒரு மாற்று இயக்குநரைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அந்த மாற்று இயக்குநர் ஆண்டர்சன். இன்ஷூரன்ஸ் என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். இந்தப் படத்தின் தலைப்பே அங்கேயிருந்துதான் வருகிறது.

டாக் என்கிற துப்பறிவாளர்

கதை நடப்பது 1970-ல், லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் 'கோர்டிடா பீச்' என்கிற கற்பனைக் கடற்கரை ஊரில். மூல நாவலை 2009-ல் எழுதியவர் தாமஸ் பின்ச்சன். பேட்டி கொடுக்காதவர், முகம் காட்டாதவர் என்று பெயரெடுத்த அமெரிக்க எழுத்தாளர். 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் அவரைப் பாத்திரமாகக் கொண்டுவந்தபோதுகூடத் தலையில் காகிதப்பையை மாட்டிவிட்டுத்தான் காட்டினார்கள். குரல் மட்டும் அவருடையது! அவர் முன்பு வாழ்ந்த மன்ஹாட்டன் பீச்தான் கோர்டிடா பீச்சாக உருமாறியிருக்கிறது.

கதாநாயகன் பெயர் லேரி ஸ்போர்டெல்லோ. எல்லோருக்கும் 'டாக்'. லைசென்ஸ் உள்ள தனியார் துப்பறிவாளர். ஆனால் காலில் செருப்புகூட இருக்காது, கிருதா கன்னம் வரை வளர்ந்திருக்கும், நாள் முழுக்கக் கஞ்சாப் புகைக்குள் மிதப்பார். ஹ்வாகின் ஃபீனிக்ஸ் நடித்திருக்கிறார். எதிரே இருப்பவர் முக்கியமான தகவல் சொல்லும்போது டாக் தன் நோட்டில் என்னவோ குறித்துக்கொள்வார். எட்டிப் பார்த்தால், வழக்குக்கு உதவாத ஏதோ இரண்டு வார்த்தை இருக்கும். துப்பறிகிறவருக்கே இந்த நிலைமை என்றால், பார்க்கிற நமக்கு எப்படிப் புரியும்? படத்தின் முதல் ஜோக் அதுதான். நாமும் டாக்கும் ஒரே வகுப்பில், ஒரே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஓர் இரவு, ஒரு வருடத்துக்கும் மேலாகக் கண்ணில் படாத பழைய காதலி ஷாஸ்டா அவர் வீட்டுக்கு வந்து நிற்கிறாள். அவள் இப்போது மிக்கி வுல்ஃப்மேன் என்கிற ரியல் எஸ்டேட் கோடீஸ்வரரோடு இருக்கிறாள். மிக்கியின் மனைவியும் அந்த மனைவியின் காதலனும் சேர்ந்து, அவரை மனநோயாளி என்று ஆஸ்பத்திரியில் அடைத்துவிட்டுச் சொத்தைச் சுருட்டத் திட்டம் போடுகிறார்களாம். இதைத் தடுக்க டாக் உதவ வேண்டும்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்து தாரிக் கலீல் வருகிறான். சிறையில் கூட இருந்தவன் தரவேண்டிய பணத்தை வாங்கித் தரச் சொல்கிறான். அந்தக் கடன்காரன் இப்போது இருப்பது மிக்கியின் மெய்க்காப்பாளனாக! பிறகு ஹோப் ஹார்லிங்கன் என்கிற இளம் தாய் வருகிறாள். சாக்ஸஃபோன் வாசிக்கும் அவள் கணவன் கோய், போதை ஊசியால் செத்துப்போனதாகச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு நம்பிக்கையில்லை. உயிரோடு இருக்கிறானா என்று கண்டுபிடிக்கச் சொல்கிறாள்.

விசாரிக்கப் போன இடத்தில் டாக்கின் தலையில் அடி விழுகிறது. கண் விழித்தால் பக்கத்தில் அந்த மெய்க்காப்பாளனின் பிணம், சுற்றிலும் போலீஸ். மிக்கியைக் காணோம். ஷாஸ்டாவையும் காணோம். இவ்வளவும் படத்தின் ஆரம்பத்திலேயே. படம் ஓடுவது 148 நிமிடம்!

பல் டாக்டரா, பாய்மரக் கப்பலா?

போகிற இடமெல்லாம் டாக்கின் காதில் ஒரு பெயர் விழுகிறது: 'கோல்டன் ஃபேங்'. தங்கக் கோரைப்பல். அது என்ன?

கப்பல் வழக்குகளைப் பார்க்கும் நண்பர் சாஞ்சோவைக் கேட்டால், அது ஒரு பாய்மரக் கப்பல் என்கிறார். வேறொருவரைக் கேட்டால், வெளிநாட்டிலிருந்து ஹெராயின் கொண்டுவரும் கும்பல். ஒரு முகவரியைத் தேடிப் போனால், கோரைப்பல் வடிவத்திலேயே ஒரு கட்டடம். உள்ளே பல் டாக்டர்கள் வரி ஏய்ப்புக்காக நடத்தும் சங்கம். மலைப்பக்கம் போனால், பணக்காரர்களுக்கான மனநல மையம். அதன் பெயர் வாயில் நுழையாத கிரேக்கம். அர்த்தம் மறுபடியும் தங்கக் கோரைப்பல்தான்.

படத்தில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று உண்டென்றால் அது இதுதான். இந்த எல்லாப் பதிலும் சரி. ஹெராயினைக் கொண்டுவருவதும் அவர்களே. அதனால் கொட்டிப்போகும் பல்லைக் கட்டுவதும் அவர்களே. அடிமையானவர்களை மீட்கும் மையம் நடத்துவதும் அவர்களே. நோயும் அவர்கள் சரக்கு, மருந்தும் அவர்கள் சரக்கு. ஒரு மனிதன் விழும்போது ஒரு லாபம், எழுந்திருக்கும்போது இன்னொரு லாபம்!

இப்படி ஒரு எதிரியை எந்தத் துப்பறிவாளர் கைது செய்ய முடியும்? ஆளாக இருந்தால் விலங்கு போடலாம். வியாபார முறைக்கு எப்படி விலங்கு போடுவது? படம் குழப்பமாக இருப்பதற்கு உண்மையான காரணம் இதுதான். கஞ்சாப் புகையால் டாக்குக்குக் குழப்பம் வருவது பாதிதான். மீதிப் பாதி, அவர் தேடுகிற குற்றமே அப்படி எங்கும் பரவிக்கிடக்கிறது.

வாழைப்பழம் தின்னும் போலீஸ்காரர்

டாக்குக்கு நேர் எதிரான ஆள், 'பிக்ஃபுட்' என்று அழைக்கப்படும் போலீஸ் அதிகாரி பியார்ன்சன். ஜோஷ் ப்ரோலின் நடித்திருக்கிறார். ஒட்ட வெட்டிய முடி, விறைப்பான உடம்பு, நீள்முடி ஹிப்பிகள் என்றாலே எரிச்சல். ஆனால் இந்த முரட்டு மனிதர் சாக்லேட் பூசிய உறைந்த வாழைப்பழத்தை அவ்வளவு சிரத்தையாகச் சாப்பிடுவதைப் பக்கத்திலிருந்து டாக் பார்க்கும் பார்வை இருக்கிறதே, படத்திலேயே அதிகம் சிரிக்க வைக்கும் இடங்களில் ஒன்று அது. ஜப்பானிய உணவகத்தில் அரைகுறை ஜப்பானிய மொழியில் இன்னும் பான்கேக் கொண்டு வா என்று அவர் கத்துவது இன்னொன்று. போலீஸ் வேலையோடு டி.வி விளம்பரத்திலும் தலைகாட்டுகிறார். அதுவும் சுருள்முடி விக் மாட்டிக்கொண்டு, மிக்கியின் வீட்டுமனைகளை விற்பதற்கு!

முதலில் பிக்ஃபுட்டைக் கோமாளி என்றே நினைப்போம். பிறகு மெதுவாக ஒரு செய்தி வருகிறது. அவருடைய கூட்டாளியான இன்னொரு போலீஸ்காரர் கொல்லப்பட்டிருக்கிறார். கொன்றவன் ஒரு கந்துவட்டிக்காரன். போலீஸ் துறைக்கே கூலிக்கொலை செய்து கொடுப்பவன். அதனால் துறை அவனைத் தொடாது. தன் நண்பனின் சாவுக்கு நியாயம் கேட்கத் தன் அலுவலகத்துக்குள்ளேயே வழியில்லாத மனிதர், ஒரு ஹிப்பி துப்பறிவாளனைத் தூண்டிலாகப் பயன்படுத்துகிறார் என்பது அப்போதுதான் தெரிகிறது. முன்பு பார்த்துச் சிரித்த வாழைப்பழக் காட்சி ஞாபகம் வரும்போது, இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

இந்தப் படத்தின் நகைச்சுவை முழுக்க இப்படித்தான். ஹோப் தன் குழந்தையின் போட்டோவைக் காட்டும்போது டாக் பயந்து அலறுகிறார். திடுக்கென்று சிரிப்பு வரும். போட்டோவில் இருப்பது, தாய்க்குப் போதைப்பழக்கம் இருந்த காலத்தில் தாய்ப்பால் வழியாகவே பாதிக்கப்பட்ட பச்சைக்குழந்தை. சிரித்துவிட்டோமே என்று ஒரு கணம் கூசும். அந்தக் கூச்சம்தான் படத்துக்கு வேண்டியது.

மண்ணுக்கு அடியில் இருக்கும் கதை

தாரிக் கலீல் சிறையிலிருந்து வந்து பார்த்தபோது, அவன் வளர்ந்த தெருவே இல்லை. கறுப்பின மக்கள் வாழ்ந்த அந்தப் பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு மிக்கி வீட்டுமனை போட்டுக்கொண்டிருக்கிறார். படத்தில் ஓரிரு நிமிடத்தில் கடந்துபோகும் விஷயம் இது. ஆனால் லாஸ் ஏஞ்சலீஸ் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது வெறும் கற்பனையல்ல.

அந்த நகரத்தில் சாவேஸ் ரவீன் என்றொரு பள்ளத்தாக்கு. மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த இடம். 1950-களின் தொடக்கத்தில், 'இங்கே அரசுக் குடியிருப்பு கட்டப்போகிறோம்' என்று சொல்லி அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். குடியிருப்பு வரவேயில்லை. 1959-ல், போக மறுத்து மிஞ்சியிருந்த கடைசிக் குடும்பங்களையும் போலீஸை வைத்து வெளியே இழுத்துப் போட்டார்கள். 1962-ல் அங்கே திறக்கப்பட்டது டாட்ஜர் பேஸ்பால் ஸ்டேடியம். பின்ச்சன் தன் நாவலில் இந்த வரலாற்றைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்.

கதை நடக்கும் 1970-ம் ஒரு விசேஷமான வருடம். அதற்கு முந்தைய ஆகஸ்ட்டில்தான் சார்லஸ் மேன்சனின் கும்பல் லாஸ் ஏஞ்சலீஸில் கொடூரமான கொலைகளைச் செய்திருந்தது. அதுவரை பூவும் பாட்டுமாகத் தெரிந்த நீள்முடி இளைஞர்களைப் பார்த்து ஊர் பயப்பட ஆரம்பித்தது. அன்பால் உலகத்தை மாற்றிவிடலாம் என்று நம்பிய ஒரு தலைமுறையின் விடுமுறை முடிந்து, மறுநாள் காலை விடிகிற நேரம். டாக் அந்தத் தலைமுறையின் கடைசி ஆட்களில் ஒருவர். ஷாஸ்டாவைத் தேடுகிறேன் என்று கிளம்பும் அவர், உண்மையில் தேடுவது போய்விட்ட ஒரு காலத்தை.

படத்தில் ஒரு மழைக்காட்சி வரும். டாக்கும் ஷாஸ்டாவும் காதலர்களாக இருந்த நாளில், ஏதோ ஒரு முகவரியைத் தேடி மழையில் செருப்பில்லாமல் ஓடுகிறார்கள். பின்னணியில் நீல் யங்கின் பாட்டு. போன இடத்தில் ஒன்றுமில்லை, வெறும் மனை. இருவரும் நனைந்துகொண்டு சிரிக்கிறார்கள். வருடங்கள் கழித்து டாக் அதே இடத்துக்குப் போனால், அங்கே நிற்பது அந்தக் கோரைப்பல் கட்டடம். இந்த ஓர் இடம் புரிந்துவிட்டால், மற்ற எந்த முடிச்சும் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

தலைப்பில் இருக்கும் இன்ஷூரன்ஸ்

இப்போது அந்தத் தலைப்பு. கப்பல் சரக்கு இன்ஷூரன்ஸில் 'இன்ஹெரன்ட் வைஸ்' என்பது ஒரு தொழில் வார்த்தை. பொருளுக்குள்ளேயே ஊறியிருக்கும் குறை என்று சொல்லலாம். புயல் அடித்துச் சரக்கு நாசமானால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்கும். தீப்பிடித்தாலும் கிடைக்கும். ஆனால் ஏற்றிய பழம் வழியில் அழுகிப்போனால்? யார் தப்பும் இல்லை. அழுகுவது பழத்தின் இயல்பு. இரும்பு துருப்பிடிக்கும், பழம் அழுகும். அதற்குப் பொதுவாக நஷ்ட ஈடு கிடையாது.

ஷாஸ்டா போனது யார் தப்பு? அந்தக் காலம் போனது யார் தப்பு? சதிகாரன் ஒருவன் இருந்து, அவனைக் கண்டுபிடித்துவிட்டால் மனம் ஆறிவிடும். அதற்காகத்தான் டாக் எல்லா இடத்திலும் சதியைத் தேடுகிறார். சதிகளும் நிஜமாகவே இருக்கின்றன. ஆனால் சில இழப்புகளுக்குச் சதி காரணமில்லை. அவை தொடக்கத்திலேயே உள்ளே இருந்த விரிசலால் நடந்தவை. அதற்கு யாரிடமும் நஷ்ட ஈடு கேட்க முடியாது. ஒரு வறட்டு இன்ஷூரன்ஸ் வார்த்தையை எடுத்து, காதலுக்கும் ஒரு தலைமுறைக்கும் பொருத்திவிட்டார்கள்.

கடைசியில் டாக் என்னதான் செய்கிறார்?

காணாமல்போன மிக்கி அந்த மலைப்பக்க மையத்தில்தான் இருக்கிறார். மனிதர் குடியிருக்கும் வீட்டுக்குக் காசு வாங்குவது பாவம் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றிவிட்டதாம். சொத்தையெல்லாம் கொடுத்துவிடப் பார்த்திருக்கிறார். இப்போது எஃப்.பி.ஐ ஆட்கள் சுற்றி நிற்க, அவருக்கு 'வைத்தியம்' நடக்கிறது. நல்ல மனசு வந்ததே அங்கே நோயாகிவிட்டது. டாக்கால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஷாஸ்டாவோ ஒருநாள் தானாகவே வந்து சேருகிறாள். டாக் கண்டுபிடிக்கவில்லை.

கோய் மட்டும் மிச்சம். செத்துப்போனதாக நாடகமாடி, தனக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பி உளவு வேலையில் சேர்ந்தவன். இப்போது அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. மனைவி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் ஏங்க, உயிரோடிருக்கும் பிணமாக அலைகிறான். ஓவன் வில்சன் இந்தப் பாத்திரத்தைத் தன் வழக்கமான சிரிப்பில்லாமல் செய்திருக்கிறார்.

கோல்டன் ஃபேங்குக்குச் சொந்தமான ஹெராயின் மூட்டை டாக்கின் கையில் மாட்டுகிறது. திருப்பித் தர என்ன வேண்டும் என்று பணக்காரத் தரகர் கேட்கிறார். லட்சக்கணக்கில் பேரம் பேசியிருக்கலாம். டாக் பணம் கேட்கவில்லை. கோயை விட்டுவிடுங்கள், அவன் வீட்டுக்குப் போகட்டும் என்கிறார். அவ்வளவுதான்.

சரக்கை வாங்கிக்கொள்ள வருவது கத்தி, துப்பாக்கி வைத்த ரவுடிகள் இல்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று விளம்பரப் படத்தில் வருவதுபோல ஒரு சுத்தமான குடும்பம். அதன் பிறகு இன்னொரு குடும்பம். டாக் கோயை அவன் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறார். தூரத்தில் காரிலேயே உட்கார்ந்து பார்க்கிறார். கதவு திறக்கிறது. கோய் உள்ளே போகிறான்.

இவ்வளவு பெரிய சதியில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கோல்டன் ஃபேங் நாளையும் கடை திறக்கும். ஆனால் ஒரு குழந்தைக்கு அப்பா திரும்பக் கிடைத்துவிட்டார். முன்பு போட்டோவைப் பார்த்து டாக் அலறினாரே, அதே குழந்தை. பெரிய அநியாயத்தை நிறுத்த முடியாத மனிதனால் செய்யக்கூடியது என்ன என்ற கேள்விக்குப் படம் தரும் பதில் இதுதான். ஊரைத் திருத்த முடியாது; ஒருவரை வீடு சேர்க்கலாம். கதை இவ்வளவு சிக்கலாக இல்லாவிட்டால் இந்தச் சின்னக் காரியத்தின் பெருமை நமக்குத் தெரிந்திருக்காது. காட்டில் வழிதவறி அலைந்தவனுக்குத்தானே ஒரு வீட்டு விளக்கின் அருமை தெரியும்!

எப்படிப் பார்ப்பது?

படம் வந்தபோது இதெல்லாம் எடுபடவில்லை. சுமார் 2 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலகம் முழுக்கச் சேர்த்தும் அந்தப் பணத்தைத் தியேட்டரில் திரும்ப எடுக்கவில்லை. பாதியில் எழுந்துபோனவர்களைப் பற்றிச் செய்திகள் வந்தன. ஆஸ்கருக்குத் தழுவல் திரைக்கதை, ஆடை வடிவமைப்பு என்று இரண்டு பரிந்துரை கிடைத்தது, விருது இல்லை. ஆனால் 2016-ல் பி.பி.சி உலகெங்கும் உள்ள விமர்சகர்களைக் கேட்டு எடுத்த '21-ம் நூற்றாண்டின் சிறந்த 100 படங்கள்' பட்டியலில் இதற்கும் ஓர் இடம் இருந்தது. இரண்டாம் முறை பார்த்தவர்கள் கூடக் கூட, படத்தின் மதிப்பும் கூடியது.

முதல் முறை பார்ப்பவர்களுக்குச் சில யோசனைகள்:

பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். இதில் பலரை நாம் பார்ப்பதற்கு முன் அவர்களைப் பற்றிப் பேச்சாகத்தான் கேட்கிறோம். அதனால்தான் தலை சுற்றுகிறது. யார் யாரைக் கொன்றது என்பதை விட்டுவிட்டு, யார் யாரைப் பிரிந்து தவிக்கிறார்கள் என்று பாருங்கள். டாக் ஷாஸ்டாவை, ஹோப் கோயை, பிக்ஃபுட் தன் கூட்டாளியை, தாரிக் தன் தெருவை. இந்த நாலு நூலைப் பிடித்துக்கொண்டால் போதும், விழமாட்டீர்கள்.

சப்டைட்டில் அவசியம். ஃபீனிக்ஸ் பாதி வசனத்தை வாய்க்குள்ளேயே மெல்லுகிறார். அமெரிக்கர்களே சிரமப்பட்டார்கள்.

கதை சொல்லும் பெண் குரலைக் கவனியுங்கள். சோர்ட்டிலேஜ் என்ற அந்தப் பாத்திரம் நாவலில் சின்னது. ஆண்டர்சன்தான் அவளைக் கதைசொல்லி ஆக்கினார். குரல் கொடுத்து நடித்திருப்பவர் பாடகி ஜோவன்னா நியூசம். டாக்கோடு காரில் பேசிக்கொண்டே வருவாள். அடுத்த ஷாட்டில் இருக்கை காலியாக இருக்கும். நிஜமான தோழியா, டாக்கின் மனசாட்சியா என்று படம் சொல்லாது.

ஃபோனில் பார்ப்பதாக இருந்தால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். ஜானி கிரீன்வுட்டின் இசை மெல்லியது. மனசு எங்கே போக வேண்டும் என்பதை வசனத்தைவிட அதுதான் தெளிவாகச் சொல்கிறது. இரண்டு வேலைக்கு நடுவில், துண்டு துண்டாகப் பார்க்கிற படமில்லை. ஓர் இரவை முழுசாக ஒதுக்குங்கள்.

முக்கியமாக, நடுவில் நிறுத்திவிட்டு இணையத்தில் 'கதைச் சுருக்கம்' தேடாதீர்கள். 'தி பிக் ஸ்லீப்' பார்த்தபோது தனக்கு எதுவுமே புரியவில்லை, அது ஒரு பொருட்டாகவும் தோன்றவில்லை என்று ஆண்டர்சனே சொல்லியிருக்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்கிற ஆசை இருந்தால் போதும் என்பது அவர் அந்தப் பழைய படத்திடம் கற்ற பாடம்.

கடைசிக் காட்சியில் டாக்கும் ஷாஸ்டாவும் ஒரு காரில் போகிறார்கள். எங்கே போகிறார்கள் என்று தெரியாது. வெளியே சாலைகூடச் சரியாகத் தெரியாது. இதனால் நாம் மறுபடி சேர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு வந்துபோகிறது. எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் டாக்கின் கண்ணில் வந்து வந்து விழுகிறது. அது எதிரே வரும் வண்டியா, பின்னால் துரத்தும் போலீஸா, விடியலா என்று சொல்லாமலே படம் முடிந்துவிடும். டாக் அந்த வெளிச்சத்தைப் பார்த்து லேசாகச் சிரிக்கிற மாதிரி இருக்கும். அவருக்கும் தெரியாது. ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.